பழங்கொடி மொர்கோன்: லாப்பியேர் ஒயினின் இரு வடிவங்கள்

பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே உள்ள போஜோலே வட்டாரம், அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே, நவம்பர் மாதத்தின் 3ஆம் வியாழக்கிழமையன்று விற்பனைக்கு வரும் இளம் ஒயினுக்காகவே உலகில் பெரிதும் அறியப்பட்டிருக்கிறது. ஆனால் அதே வட்டாரத்தின் வில்லியே-மொர்கோன் என்னும் ஊரில், அதே கமே திராட்சையிலிருந்து லாப்பியேர் குடும்பம் தயாரிக்கும் மொர்கோன் சிவப்பு ஒயின் முற்றிலும் வேறு தரத்தது. கமே கொடியை இழிந்ததென்று கருதி, அதனைப் பிடுங்கி எறியுமாறு 1395இல் பர்கண்டிப் பிரபு பிலிப் ஆணையிட்டார். அந்த முடிவு எத்துணைப் பிழையானது என்பதை இந்த ஒயினின் ஒரு கோப்பையே உணர்த்திவிடும்.

1973இல் குடும்பத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற மார்செல் லாப்பியேர், வேதியியலாளரும் தேர்ந்த சுவைஞருமான ஜூல் ஷோவேயை 1981இல் சந்தித்த பின்னர், வேதி உரங்களையும் பூச்சிமருந்துகளையும் கைவிட்டு, பழத்தின் தோலில் இயல்பாகவே வாழும் ஈஸ்டைக் கொண்டே நொதிக்கச் செய்யும் முறைக்குத் திரும்பினார். 2010இல் அவர் மறைந்த பிறகும், மகன் மத்தியூவும் மகள் கமிலும் அந்த நெறியிலிருந்து விலகவில்லை.

இங்குள்ள கொடிகளின் சராசரி வயது ஏறத்தாழ 60 ஆண்டுகள். ‘வியேய் வீஞ்’, அதாவது பழங்கொடிகள், என்று புட்டியில் அச்சிடுவதற்குப் பிரெஞ்சுச் சட்டம் வயது வரம்பு எதையும் வகுக்கவில்லை என்பதால், அச்சொல்லைக் காட்டிலும் தோட்டத்தின் உண்மையான வயதே கவனிக்கத்தக்கது. முதிர்ந்த கொடி குறைவாகவே காய்க்கும். அந்தச் சில குலைகளில் சாறு செறிந்திருப்பதோடு, சிதைந்த கிரானைட் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய வேர், மழை பொய்த்த ஆண்டிலும் கொடியை வாடாமல் காக்கிறது.

தயாரிப்பு முறை ‘கார்போனிக் மாசரேஷன்’ எனப்படும் நொதித்தலின் போஜோலே வழக்கைச் சார்ந்தது. கையால் பறித்த குலைகளைக் காம்பு நீக்காமலும் நசுக்காமலும் தொட்டியில் இடும்போது, அடியிலுள்ள பழங்கள் மேற்பாரத்தால் உடைந்து நொதிக்கத் தொடங்குகின்றன. அதனால் எழும் கரியமில வாயு தொட்டியை நிறைக்க, மேலேயுள்ள முழுப் பழங்களில் தோல் கிழியாமலே உள்ளுக்குள் சர்க்கரை ஆல்கஹாலாக மாறத் தொடங்குகிறது. துவர்ப்பு குறைந்து பழமணம் மிகுவதற்கு இதுவே காரணம். பின்னர் ஒயின் பழைய ஓக் பீப்பாய்களில் முதிர்வதால் மரவாசனை மேலோங்குவதில்லை. ஒயினைக் கெடாமல் காக்கும் கந்தகத்தின் துணையின்றி இவ்வாறு செய்வதற்கு அழுகிய பழம் ஒன்றுகூடத் தொட்டிக்குள் சேரக்கூடாது என்பதால், இம்முறையின் உண்மையான உழைப்பு பழம் பொறுக்கும் மேசையில்தான் நிகழ்கிறது.

கோப்பையில் ஊற்றும்போது நிறம் ஒளி ஊடுருவும் சிவப்பாக, சில வேளை இலேசான கலங்கலுடன் தோன்றுவது வடிகட்டாமையின் விளைவேயன்றிக் குறையன்று. திறந்தவுடன் நாவில் மெல்லிய வாயுக் குறுகுறுப்பு தென்படுமாயின், அகன்ற கூஜாவுக்கு மாற்றிச் சிறிது நேரம் காற்றாட வைத்தால் அது அடங்கி, செர்ரிப் பழமும் வயலட் பூவும் நினைவுக்கு வரும் மணம் விரிகிறது. புளிப்பு கூர்மையாக இருந்தாலும் உறுத்துவதில்லை, துவர்ப்பு மென்மையானது. அறை வெப்பத்தில் பருகினால் ஆல்கஹால் முன்னே வந்து மணத்தை மறைத்துவிடும். சற்றே குளிர்ந்த நிலையில், 14 டிகிரி செல்சியஸ் அளவில் பருகுவதே பொருத்தம்.

இந்த ஒயின் இரு வடிவங்களில் வருகிறது: கந்தக டையாக்சைடு அறவே சேர்க்காதது ‘என்’ என்றும், புட்டியில் அடைக்கும்போது சிறிதளவு சேர்த்தது ‘எஸ்’ என்றும் குறிக்கப்படுகின்றன. ஒயின் காற்றோடு கலந்து கெடாமலும் நுண்ணுயிர்கள் பெருகாமலும் தடுப்பது கந்தகத்தின் பணி. அந்தக் காவல் இல்லாத ‘என்’ வடிவில் மணம் கூடுதல் உயிர்ப்போடு இருப்பினும், வெயிலில் நின்ற சரக்குந்து ஒன்றே அதைக் கெடுத்துவிடப் போதுமானது. ஆகவே 14 டிகிரிக்கு மேற்படாத நிலவறை உள்ளவர்கள் ‘என்’ புட்டியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். அவ்வசதி இல்லாதவர்களும் வெப்ப நாடுகளில் வாங்குவோரும் ‘எஸ்’ வடிவத்தையே வாங்குவது நல்லது.