சீட்டுக்கு முன்னால் பேசும் மனம்

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வீட்டுக்கு ஒரு கலக்கம் வந்தால் கோடாங்கியிடம் குறி கேட்பது பழைய வழக்கம். இன்று நகரத்துப் பிள்ளைகளின் கைபேசிக்கே டாரட் சீட்டு வந்துவிட்டது. கிளி ஜோசியத்தில் கிளி செய்கிற வேலையை இங்கே கேட்பவரின் கையே செய்கிறது. மற்றபடி உறவு நெருக்கமானதுதான்.

டாரட்டுக்குச் சொல்லப்படும் பூர்வீகம் பொய். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோக்குக்கு ஆடிய சீட்டாட்டம் அது. 1781இல் கூர் தெ ஜெபெலன் என்ற பிரெஞ்சுக்காரர் அதை எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்தின் சித்திர எழுத்தை ஷாம்போலியன் என்ற அறிஞர் படித்துக்காட்டியதோ அதற்குப் பிறகு, 1822இல்தான்! இன்று பரவலாகப் புழங்கும் படங்களைப் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். அந்தக் கட்டு வெளிவந்தது 1909இல்.

அந்த ஓவியங்களின் வலிமையை நான் மறுக்க மாட்டேன். இடிந்து விழும் கோபுரம், விளக்கேந்திய துறவி, நிலவைப் பார்த்துக் குரைக்கும் நாய். மத்திய கிழக்குக்குப் போன தாயிடமிருந்து சேதி வராத மகள் இவற்றைப் பார்த்தால், தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குவாள். வீட்டில் யாரும் கேட்காததை எதிரே இருப்பவர் பொறுமையாகக் கேட்கிறார். பாரம் குறைகிறது. டாரட்டின் நன்மை இவ்வளவுதான், இது சிறியதல்ல.

ஆனால் அந்த ஆறுதலை முன்னறிவு என்று விற்பது தவறு. 1948இல் உளவியலாளர் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணக்குறிப்பைத் தனித்தனியே எழுதியதுபோலக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் இட்ட மதிப்பெண் சராசரியாக 5க்கு 4க்கும் மேல். ‘மரணம்’ என்ற 13ஆம் சீட்டு வந்தால் ‘மாற்றம்’ என்கிறார்கள். எது நடந்தாலும் பொருந்துகிற வாக்கை எப்படிச் சோதிப்பது? இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை அதை யாரும் வெல்லவில்லை.

கூடாத சீட்டு வந்ததென்று பயமுறுத்திப் பரிகாரத்துக்குக் காசு வாங்குவதும், நோயாளியை மருந்திலிருந்து விலக்குவதும் மன்னிக்க முடியாதவை. பேசித் தெளியச் சீட்டு உதவினால் பாருங்கள். கல்யாணத்தையும் கடனையும் அதன் கையில் கொடுக்காதீர்கள். தூக்கமில்லாத இரவுகள் தொடர்ந்தால் பேராதனை போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926; அதற்கு எந்நேரமும் அழைக்கலாம்.