பேஸ் கிட்டாரின் சிற்பிகள்

பேஸ் கிட்டாரின் அமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1951-ஆம் ஆண்டிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். ஆனால் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் அதற்கு ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, மெட்டுக்கள் பொருத்திய, கிட்டாரைப் போல் குறுக்காக ஏந்தி வாசிக்கத்தக்க மின்சார பேஸ் ஒன்றைச் சிருஷ்டித்து விற்பனைக்கும் வைத்தார் என்பதை மறைப்பது நியாயமன்று. அது பரவவில்லை, பரவியது கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட ப்ரஸிஷன் பேஸ்தான்.

ரேடியோ பழுது பார்க்கும் தொழிலிலிருந்து வந்த ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஆயினும், மத்தளங்களின் முழக்கத்தில் அமிழ்ந்து போவதும், ஊர்விட்டு ஊர் தூக்கிச் செல்ல இயலாததுமான டபுள் பேஸை வைத்துக்கொண்டு வாத்தியக்காரர்கள் பட்ட அவஸ்தையை அவர் காதுகொடுத்துக் கேட்டார். சுமார் 42 அங்குலத் தந்தி நீளத்தை 34 அங்குலமாகக் குறைத்தார். விநாடிக்கு 41 அதிர்வுகளே உள்ள தடித்த தந்தி தொய்ந்து போகாமலும், இடக்கை விரல்கள் எட்டாமல் தவிக்காமலும் இருப்பதற்கு அந்த அளவு எவ்வளவு பொருத்தமானதென்பதற்கு, இன்றும் பெரும்பாலான பேஸ்கள் அதே நீளத்தில் செய்யப்படுவதே சாட்சி. கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகுகளால் முடுக்கியதை நான் அதனினும் பெரிய காரியமாக மதிக்கிறேன். கழுத்து கோணினாலும் மெட்டுக்கள் தேய்ந்தாலும், ஒரு திருப்புளியைக் கொண்டு கழற்றி, வேறொரு கழுத்தை மாட்டிவிட்டு, அன்று மாலைக் கச்சேரிக்கே போய்விடலாம்.

எனினும், இந்த அமைப்பில் ஒரு குறை ஆதிமுதல் இருந்து வருகிறது. மெல்லிய ஜி தந்தியில் ஐந்தாவது மெட்டுக்கும் ஏழாவது மெட்டுக்கும் இடையில் எங்கேனும் ஒரு ஸ்வரம், மற்றவை நீண்டு ஒலிக்கையில், தான் மட்டும் சட்டென்று உயிரடங்கிவிடும். நீண்ட மரக்கழுத்தும், அதன் நுனியில் கனத்த பிருடைகளைச் சுமக்கும் தலையும், அந்த ஸ்வரத்தின் அதிர்வோடு தாமும் சேர்ந்து அசைந்து தந்தியின் சக்தியைக் குடித்துவிடுவதே இதற்குக் காரணம். இதை மரத்தின் சுபாவமென்று சொல்லிச் சமாதானமடைவது பக்தியே தவிர ஆராய்ச்சியாகாது.

அந்தச் சமாதானத்தை ஏற்க மறுத்தவர் நெட் ஸ்டைன்பெர்கர். மரச்சாமான்களை வடிவமைத்துக்கொண்டிருந்த அவர், 1970-களில் ப்ரூக்ளினில் வாத்தியம் செய்துவந்த ஸ்டூவர்ட் ஸ்பெக்டரின் பேஸுக்கு வடிவம் கொடுக்கையில், வாத்தியத்தின் தலைக்கனத்தைக் கண்டார். தலையையே நீக்கி, பிருடைகளை உடலின் அடியில் அமைத்து, மரத்தையும் துறந்து, கார்பன் இழையும் கண்ணாடி இழையும் பிசினும் கலந்த வார்ப்பாகத் தம் பேஸை உருவாக்கினார். கழுத்து முழுவதும் ஸ்வரங்கள் ஏற்றத்தாழ்வின்றி ஒலித்தன; மழையும் வெயிலும் அதை அசைக்கவில்லை. கூர்மதியில் ஃபெண்டரை விஞ்சிய சாதனை இதுவென்பது என் அபிப்பிராயம்.

ஆனால் அந்தப் பூரணத்துவமே அதற்குத் தடையாயிற்று. கழுத்தின் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி ஆரம்ப மாதிரிகளில் இல்லாமையால், அது சற்றே பிசகினாலும் சரிசெய்ய மார்க்கமில்லை. இருமுனையிலும் குண்டு பொருத்திய தனித் தந்திகளையே அது கேட்டதால், ஒன்று அறுந்தால் சாதாரணக் கடைத் தந்தியை மாட்டி ஒப்பேற்றவும் வழியில்லை. பழுதை எதிர்பாராத வாத்தியம் உழைப்பாளிக் கலைஞனுக்கு உற்ற துணையாகாது.

நான்கு தந்திகளின் ஸ்வர எல்லை குறுகியதென்ற, இவ்விருவரும் கவனியாத குறையைக் கண்டவர் வாசிப்பவரான ஆந்தனி ஜாக்ஸன். கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு தந்திகளைக் கூட்டி, ஆறு தந்தி பேஸ் ஒன்றை 1975-இல் கார்ல் தாம்ஸனிடம் செய்வித்தார்; தந்திகளின் நெருக்கம் அவருக்குத் திருப்தியளிக்கவில்லை. 31 அதிர்வுகளுக்கு இறங்கும் தடித்த தந்தி தெளிவாகப் பேச நீளம் வேண்டுமென்பதால், பிற்காலத்தில் அவருக்காக ஃபொடேரா நிறுவனம் செய்த வாத்தியங்கள் 36 அங்குலமாக வளர்ந்தன. ஃபெண்டரின் அளவு நான்கு தந்திகளுக்கே உரியது, அது சாசுவத விதியன்று என்பது இதனால் வெளிப்பட்டது.

பேஸ் வாங்க விரும்புகிறவர்கள் பெயரையும் பளபளப்பையும் பார்த்து மயங்காமல், ஜி தந்தியின் நான்காவது மெட்டு முதல் எட்டாவது மெட்டு வரை ஒவ்வொன்றாக மீட்டி, நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறதென்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டுகிறேன்.