ஆறு சதுர அடி

கேரம் பலகையில் குழியின் வாய் ஏறத்தாழ 4.45 சென்டிமீட்டர். காயின் அகலம் 3.18-ஐத் தாண்டக் கூடாது. ஸ்ட்ரைக்கர் 4.13 வரை போகலாம். அதாவது காய் விழத் தாராளமாக இடம் உண்டு. ஸ்ட்ரைக்கர் விழ மிஞ்சுவது மூன்றே மில்லிமீட்டர். அப்படியும் பதறிய கையிலிருந்து முதலில் குழிக்குள் போவது ஸ்ட்ரைக்கர்தான். போனால், பாடுபட்டு எடுத்த காய் ஒன்றைத் திருப்பி நடுவில் வைக்க வேண்டும். ஆத்திரத்துக்கு இவ்வளவு உடனடியாகத் தண்டனை தரும் விளையாட்டு வேறொன்றை நான் அறியேன்.

சடையங்குப்பத்தில் சாயங்காலம் இதைப் பார்க்க வேண்டும். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே, கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய தாழ்வான ஊர். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை தனி ஊராட்சி. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பெயரைச் சுமக்கும் பர்மா நகரும், இருளர் காலனியும் இதன் பகுதிகள். கம்பெனியில் ஷிப்ட் முடித்தவரும் கண்டெய்னர் லாரியை நிறுத்திவிட்டு வந்தவரும் தலைக்கு மேலே தொங்கும் ஒற்றை பல்புக்குக் கீழே எதிரெதிரே உட்காருகிறார்கள். போரிக் பவுடரை ஒரு சிட்டிகை தூவி உள்ளங்கையால் தேய்க்கும்போதே ஆள் தெரிந்துவிடும். புதிதாக ஆடுபவர் நிறையக் கொட்டுவார். பழகியவர் பலகையைத் தடவிப் பார்த்து, எங்கே ஓட்டம் மந்தமாக இருக்கிறதோ அங்கே மட்டும் தூவுவார்.

பிறகு விரல். காலையில் இரும்புக் கம்பியும் ஸ்பேனரும் பிடித்த அதே விரல். ஐந்து கிராம் சொச்சம் எடையுள்ள காயை, பதினைந்து கிராமுக்கு மிகாத ஸ்ட்ரைக்கரால், ஓரத்தை மட்டும் சீவி அனுப்பும் ஒரு கட் ஷாட்டைப் பாருங்கள். காய் கிளம்பியதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிய தொடுகை. சத்தம்கூட 'டக்' இல்லை, 'டிக்'. காய் சோம்பலாக நகர்ந்து, குழியின் விளிம்பில் யோசித்து, விழும். சுற்றி நிற்பவர்கள் அப்போது கைதட்டுவதில்லை. "ம்" என்கிறார்கள். ஓங்கி அடித்து இரண்டு காயை ஒரே நேரத்தில் விழவைப்பவருக்குத்தான் விசில். அந்த "ம்"மைச் சம்பாதிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

ரெட் எனும் சிவப்புக் காயைப் பற்றிய விதி எனக்கு மிகவும் பிடித்தது. ரெட்டை எடுத்தால் போதாது, பின்னாலேயே தன் காய் ஒன்றைப் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும். இல்லையென்றால் ரெட் நடுவுக்கே திரும்பிவிடும். ரெட்டுக்கு மூன்று புள்ளி. ஆட்டம் 25-க்கு. ஆனால் 22-ஐத் தொட்டுவிட்டவருக்கு ரெட்டால் ஒரு புள்ளியும் கிடையாது. அப்போதும் அவர் ரெட்டை விடமாட்டார், எதிராளிக்குப் போய்விடக் கூடாதே! தனக்கு உதவாத ஒன்றுக்காக ஒருவர் அவ்வளவு கவனமாகக் கோணம் பார்க்கும்போதுதான் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பது புரிகிறது.

சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் பிறந்தது சென்னையில். 1991-இல் முதல் உலகப் பட்டத்தை வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர்; 1996-இல் அவருக்கு அர்ஜுனா விருது. வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலக சாம்பியன். புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். ஏன் வடசென்னை? கால்பந்துக்கு மைதானம் வேண்டும், கிரிக்கெட்டுக்குத் தெருவாவது வேண்டும். கேரமின் ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரம், கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஆறு சதுர அடி. வீடற்றோருக்கான விடுதியில் தலைக்கு 50 சதுர அடி வேண்டும் என்றது அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம். லட்சம் பேருக்கு ஒரு விடுதி என்றது உச்ச நீதிமன்றம். ராயபுரத்திலும் பிராட்வேயிலும் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்களுக்கு அந்த ஐம்பது அடி இன்னும் வந்து சேரவில்லை. அவர்களுக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கும் ஆட்டம் கேரம். தெருவிளக்கு எரிந்தால் போதும், கட்டணம் இல்லை. சுவரில் சாய்த்து வைத்த பலகை இரவில் இரண்டு பேரின் மடிமேல் ஏறிக்கொள்கிறது. சதுர அடிக்கு விலை பேசும் நகரத்தில், இருக்கிற ஆறு அடியை இவ்வளவு நேர்த்தியாக ஆளத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதை நான் மரியாதையோடு சொல்கிறேன். அந்த நேர்த்தியைக் காட்டி ஐம்பது அடியைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை கிடையாது.

சடையங்குப்பத்தில் பலகைக்கு எதிரி தண்ணீர். கொசஸ்தலையின் மேற்பகுதியில் உள்ள பூண்டி ஏரியின் மதகு திறக்கிறது என்று செய்தி வந்தால் ரேஷன் கார்டும் துணிமூட்டையும் பரணுக்கு ஏறும். பின்னாலேயே பலகையும் ஏறும். 2015-இலும் மிக்ஜாம் புயலின்போது 2023-இலும் வடசென்னை வெள்ளத்தைப் பார்த்தது. இரண்டாவது முறை எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் கலந்து வந்தது. நனைந்த பிளைவுட் உப்பிவிடும். நல்ல பலகையில் ஓங்கி அடித்த ஸ்ட்ரைக்கர் எதிர்ச்சட்டத்துக்கும் இந்தப் பக்கத்துக்குமாக மூன்றரை முறை ஓட வேண்டும் என்பது விதி. ஈரம் குடித்த பலகையில் இரண்டு முறையே பெரும்பாடு. பெரியவர்கள் அதைச் சிறுவர்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஓடாத பலகையில் பழகும் பிள்ளைக்குத் தோள்வரை பலம் ஏறுகிறது, சட்டத்தில் பட்டுத் திரும்பும் கோணம் மனப்பாடமாகிறது. பிறகு நல்ல பலகைக்கு முன்னால் உட்காரவைத்தால் முதல் நாலைந்து அடி நாலாபக்கமும் சிதறும். "மெதுவாடா, அதுவே போவும்" என்கிறார் பக்கத்தில் நிற்கும் பெரியவர்.