திருத்த முடியாத 3பி

தேவனாம்பட்டினத்துக் கடையிலிருந்து சிதம்பரத்துக்குச் சரக்கு போனால் வரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரியும். அதைவிடக் கிட்டத்தில் இருக்கிற புதுச்சேரிக்குப் போனால் ஐஜிஎஸ்டி. கடைக்காரருக்கு இரண்டும் பக்கத்து ஊர். ஜிஎஸ்டி போர்ட்டலுக்கு 33, 34 என்று வேறு வேறு குறியீடு.

கட்டம் மாறி வரி கட்டிவிட்டால்? தாக்கல் செய்த 3பி ரிட்டர்னைத் திருத்த முடியாது. சட்டம் காட்டும் வழி: சரியான தலைப்பில் மறுபடியும் கட்டணும், முதலில் கட்டியதை 2 வருஷத்துக்குள் ரீஃபண்ட் கேட்கணும். வட்டி இல்லை என்பதுதான் சலுகை. அதுவரை முடங்குவது கடைக்காரரின் முதல்.

ஏர்டெல்லுக்கே இதுதான் கதி. 2017 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான 3பி-யைத் திருத்தி 923 கோடி ரூபாய் திரும்பப் பெற டெல்லி உயர் நீதிமன்றம் 2020-இல் அனுமதித்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

திருத்தினால் சரக்கு வாங்கியவரின் கிரெடிட் குழம்பும் என்பார்கள். ஆனால் வாங்கியவருக்குப் போகும் பில் விவரம் ஜிஎஸ்டிஆர்-1-இல் இருக்கிறது. அதற்குத் திருத்தக் கட்டம் உண்டு. வருமான வரி ரிட்டர்னையும் கெடுவுக்குள் திருத்தலாம். வெறும் கூட்டுத்தொகையான 3பி-க்கு மட்டும் ஏன் இல்லை? பழைய பதிவை அழிக்க வேண்டாம். அதன்மேல் இரண்டாம் பதிப்பு ஏற்றினால் போதும். சாஃப்ட்வேரில் இது அன்றாட வேலை. தடை கோடில் இல்லை, கொள்கையில் இருக்கு.