பல்லவியில் நோ-பால், சரணத்தில் ரன் அவுட்

டி.வி. திரையில் எழுத்து மஞ்சளாகிவிட்டது. உரக்கடை அண்ணனும் வாயைத் திறந்துவிட்டார். தபலா மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அரை நொடி கழித்து அது ஸ்பீக்கரில் விழுந்தபோது பல்லவியின் முதல் வார்த்தை ஏற்கெனவே காற்றில் போயிருந்தது. பின்வரிசையில் ஒருவர் கையைப் பக்கவாட்டில் நீட்டி நோ-பால் காட்டினார். ஹாலே சிரித்தது. அண்ணனும் சிரித்தார், ஆனால் மைக்கை விடவில்லை. "மறுக்கா மொதல்ல இருந்து போடுங்" என்றார்.

2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை. இடம் மீனாட்சிபுரம், ஒரு மாடி ஹால். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் வழியில் கேரளா தொடங்குகிற இடம் இது. ஊர்ப்பெயர் மீனாட்சி, ரேஷன் கார்டு மலையாளம், பேச்சு பாதிக்கு மேல் கொங்குத் தமிழ். ஓணம் முடிந்து எட்டு நாள். பூக்களம் வாடி, வடம்வலியில் உரிந்த உள்ளங்கை ஆறிவரும் நேரம். அந்த இடைவெளியில்தான் கராக்கேக்காரர்கள் கூடுகிறார்கள். தேங்காய் வியாபாரி, டெய்லர், மில்லில் வேலை பார்க்கிற பையன், இரண்டு சேச்சிகள், ரிட்டயர் ஆன ஒரு டீச்சர் என்று இருபது பேருக்குக் குறையாது. வருகிற வரிசையில் பேர் எழுதுவார்கள், ஆளுக்கு இரண்டு பாட்டு, நடுவில் பருப்பு வடையும் கட்டன் சாயாவும்.

விளையாட்டுப் பத்தியில் இதற்கென்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2003 முதல் கராக்கேக்கு உலக சாம்பியன்ஷிப்பே நடக்கிறது, தொடங்கி வைத்த நாடு பின்லாந்து. ஓணத்துக்கு நாம் இழுக்கிற வடமும் 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இருந்ததுதான். அன்று வடத்துக்கு இடம் கொடுத்தவர்கள் இன்று மைக்குக்குக் கொடுத்தால் குடிமுழுகிப் போகாது.

கராக்கேயின் பிறப்பே ஒரு மாற்று ஆட்டக்காரர் கதை. ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனூவே என்பவர் மதுக்கடைகளில் வாடிக்கையாளர் பாடும்போது பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனி முதலாளி வெளியூர்ப் பயணத்துக்கு இவரைக் கூப்பிட, போக முடியாமல் தன் வாசிப்பை டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனைதான் 1971-ல் காசு போட்டால் பாடும் பெட்டியானது. காப்புரிமை வாங்கவில்லை, பணமும் பெரிதாகச் சேரவில்லை. 2004-ல் அவருக்கு இக் நோபல் என்கிற கேலி நோபல் கிடைத்தது. அதுவும் எந்தப் பிரிவில்? அமைதி! மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி கண்டுபிடித்தாராம். பரிசு கொடுத்தவர்கள் ஒருமுறையாவது எங்கள் மாடி ஹாலுக்கு வந்திருக்க வேண்டும்.

கூத்தான நாட்களுக்குச் செப்டம்பரில் பஞ்சமே இல்லை. 2-ஆம் தேதி உலக தேங்காய் தினம். தென்னையும் கள்ளுமாக வாழ்கிற சித்தூர் தாலுக்காவில் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குவது மீனுக்குத் தண்ணீர் தினம் கொண்டாடுவதைப் போல. 2025-ல் திருவோணமும் ஆசிரியர் தினமும் 5-ஆம் தேதி ஒன்றாக வந்தன. அன்றைக்கே சமோசாவுக்கும் ஒரு தினமாம், ஓண விருந்தான சத்யாவோடு சேர்த்துச் சாப்பிட ஆளைத்தான் காணோம். 19-ஆம் தேதி கடற்கொள்ளையர் மாதிரிப் பேசுகிற தினம். 1995-ல் இரண்டு அமெரிக்க நண்பர்கள் விளையாட்டுக்குத் தொடங்கியது. யூடியூபிலிருந்து ட்ராக் இறக்கிப் பாடுகிற நாமெல்லாம் வருஷம் முழுக்கக் கொள்ளையர்கள்தான் என்பதால் அதையும் தாண்டிப் போகலாம். நாங்கள் கூடிய 13-ஆம் தேதியோ புரோகிராமர்கள் தினம். வருஷத்தின் 256-வது நாள், கம்ப்யூட்டர் கணக்கில் அது மங்கல எண். அன்றைக்குப் பார்த்துத்தான் திரை முந்தியது, சத்தம் பிந்தியது.

அந்த நோ-பாலுக்குக் காரணம் அண்ணன் அல்ல. படம் போனிலிருந்து டி.வி.க்கு ஒரு வழியில் போகிறது, சத்தம் ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு இன்னொரு வழியில் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சேருவதில்லை. எழுத்தைப் பார்த்து நுழைகிறவர் முந்துவார், காதை நம்பி நுழைகிறவர் தப்பிப்பார். வயர் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. வயர் இருக்கிறது, அதைச் செருகுவதற்கு ஓட்டையுள்ள போன்தான் இப்போது யாரிடமும் இல்லை.

அடுத்தது ஆடுகளம். மேற்குத் தொடர்ச்சி மலை 30, 40 கிலோமீட்டருக்கு வழிவிட்டு நிற்கிற பாலக்காட்டுக் கணவாயில் உட்கார்ந்துகொண்டு திறந்த மாடியில் பாடினால், ஆடியில் கிளம்பிய காற்றின் மிச்சம் மைக்கில் புகுந்து டமடமவென்று அடிக்கும். சன்னலைச் சாத்தினால் எக்கோ. மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு விரல் தள்ளிப் பிடிப்பதுதான் இங்கே அனுபவசாலியின் அடையாளம். மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கிறவரைப் பார்த்தால் புது வரவு என்று எழுதிக்கொள்ளலாம். அடுத்த நொடி அது கீச்சென்று கத்தும்.

மூன்றாவது விஷயத்தில் எல்லையூருக்கு ஒரு சாதகம். திரையில் பாட்டு வரி இங்கிலீஷ் எழுத்தில்தான் ஓடுகிறது. அதில் பள்ளியும் ஒன்றுதான், பல்லியும் ஒன்றுதான். கோயமுத்தூரிலிருந்து வந்த பையன் பழத்தைப் பலமாக்கிவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் பாடிய சேச்சிக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மலையாளத்தில் ல, ள, ழ மூன்றும் உயிரோடிருப்பதால் ஒன்றைக்கூட மாற்றிப் போடவில்லை. தமிழனாகக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஓணச் சமயத்தில் தமிழ்நாட்டுப் பால் எல்லை தாண்டி வரும்போது நிறுத்திச் சோதிக்க மீனாட்சிபுரத்தில் கேரளப் பால்வளத் துறையின் செக்போஸ்ட் இருக்கிறது. சுருதிக்கு அப்படியொன்று இல்லை. மில் பையன் போனில் வைத்திருந்த ஆப்பைத்தான் அன்று நடுவராக்கினோம். மெட்டின் சுரங்களோடு குரலை ஒப்பிட்டு அது மார்க் போடும். மறுமுறை ஒழுங்காக நுழைந்த உரக்கடை அண்ணனுக்கு 91. கை தட்டினோம். அந்த மார்க்கைப் பற்றிப் பிறகு.

ராத்திரியின் பெரிய விக்கெட் விழுந்தது தேங்காய் வியாபாரி எழுந்தபோது. கேளடி கண்மணி படத்தில் எஸ்.பி.பி. கடற்கரையில் மூச்சுவிடாமல் பாடுவாரே, 1990-லிருந்து மேடை ஏறும் ஒவ்வொரு ஆண்மகனையும் கவிழ்க்கிற அந்தப் பாட்டு. பதிவுக்கூடத்தில் அதை எப்படி எடுத்தார்கள் என்பது வேறு கதை, மேடையில் அதற்கு ஈவு இரக்கம் கிடையாது. முதல் சரணத்தில் வியாபாரி நன்றாகவே ஓடினார். முடியும் இடம் கண்ணுக்குத் தெரிந்ததும் கூட்டம் விசிலடிக்க, உற்சாகத்தில் குரலை ஏற்றினார். அங்கேதான் பிசகியது. சத்தத்தைக் கூட்டினால் காற்றும் கூடச் செலவாகும். நான்கு வார்த்தை பாக்கியிருக்கும்போது கையிருப்பு தீர்ந்தது. ஒரு ரன் போதும் என்கிற இடத்தில் இரண்டாவதுக்கு ஓடுகிறவருக்கு நேர்கிற கதி.

இந்தக் குழுவில் எஸ்.பி.பி. என்றால் தனி வாஞ்சை. 2020 செப்டம்பர் 25-ல் அவர் போனார். அதிலிருந்து வருஷா வருஷம் அந்தத் தேதியை ஒட்டி ஒரு கூட்டம். அமெரிக்காவில் அதே செப்டம்பர் 25, ஒரே ஒரு ஹிட்டோடு காணாமல் போன பாடகர்களை நினைக்கிற நாள். நாற்பதாயிரத்துக்கு மேல் பாடியவர் என்று சொல்லப்படுகிற மனிதர் அந்த நாளைப் பார்த்தா கிளம்ப வேண்டும்! அந்த வருஷம் 27-ஆம் தேதி சனிக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். சுவரில் ஒட்டிய தாளில் அப்போதே பத்தொன்பது பேர்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. முந்தின நாள் செப்டம்பர் 12. ஒருவர்கூட வாயெடுக்கவில்லை.

சொர்ணலதா இந்தச் சித்தூர்ப் பக்கம் பிறந்தவர், ஆந்திரச் சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர். மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறினால் ஒரு கோழித்தூக்கத்தில் வந்துவிடும் ஊர். 1987-ல் நீதிக்குத் தண்டனை படத்தில் அவரைத் தமிழில் பாடவைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். அவர் பிறந்த எலப்புள்ளியும் இந்த ஜில்லாதான். அதற்கும் முன்னால், 1958-ன் வஞ்சிக்கோட்டை வாலிபனில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் மோதிக்கொள்கிற அந்த நடனப் போட்டிக்கு ஜிக்கியோடு குரல் கொடுத்த பி.லீலா, அவரும் சித்தூர். வேறு ஊராக இருந்தால் இந்நேரம் மூன்று பேருக்கும் வளைவு கட்டியிருப்பார்கள். 2010 செப்டம்பர் 12-ல் சொர்ணலதா இறந்தபோது அவருக்கு 37 வயது.

நன்றி மறந்த பாவம் என்று நான் இதைச் சொல்லவில்லை. ஆட்டக் கணக்கில்தான் சொல்கிறேன். எஸ்.பி.பி. பாட்டு பாடுகிறவருக்கு ஒத்தாசை செய்யும். நடுவில் அவர் வைத்திருக்கிற சிரிப்பு, செருமல், கொஞ்சல் எல்லாமே நமக்குச் சந்து பொந்துகள். சுரம் பிடிபடாத இடத்தில் சிரித்துவிட்டுப் போகலாம், கூட்டம் ரசிக்கும். சொர்ணலதா பாட்டில் அந்தச் சந்தெல்லாம் அடைத்திருக்கும். முதல் எழுத்தைத் தட்டித் திறக்கமாட்டார், குரல் எப்போது நுழைந்தது என்றே தெரியாது. வரி முடிகிற இடத்தில் அசைக்காமல் நிறுத்துவார், நடுங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விடத் தெரிந்தவர்களின் ஆட்டம் அது. அடிக்கத் தெரியாமலா? 1994-ல் ரகுமான் இசையில் காதலனில் மனோவோடு சேர்ந்து மைதானத்தை அதிரவைத்தவரும் அவர்தான், அதே வருஷம் அதே ரகுமானுக்குக் கருத்தம்மாவில் ஒற்றைக் குரலாக அழுது தேசிய விருது வாங்கியவரும் அவர்தான்.

ஒன்பதரைக்கு டீச்சர் எழுந்தார். திரையைத் திருப்பச் சொல்லிவிட்டார், கையில் ஒரு கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு. நீல மையில் பாட்டு, வரிக்கு வரி சிவப்பில் சின்னச் சின்னச் சாய்கோடு. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். மூச்சு வாங்கும் இடங்கள். சில கோடுகள் வார்த்தைக்கு நடுவிலேயே விழுந்திருந்தன, அவற்றை அடித்துவிட்டு ஒரு வார்த்தை முன்னால் தள்ளிப் போட்டிருந்தார். ஒரு கோட்டின்மேல் மட்டும் வட்டம், ஓரத்தில் "பாதி போதும்" என்று எழுத்து. நெஞ்சு நிறைய இழுத்தால் அடுத்த வார்த்தை புஸ்ஸென்று வெடித்து வரும், பாதி மூச்சு போதும் என்று தனக்குத்தானே எழுதிவைத்த குறிப்பு.

பாடியது சொர்ணலதாவின் சத்ரியன் பாட்டு. ட்ராக்கை ஒரு கட்டை இறக்கி வாங்கியிருந்தார். அறுபது தாண்டிய குரல், மேலே கொஞ்சம் நூலாகப் பிரிந்தது. ஆனால் நுழைவு ஒன்றுகூட முந்தவில்லை, பிந்தவில்லை. எழுத்தைப் பார்க்காததால் காது மட்டுமே வழிகாட்டி. இசை மட்டும் ஓடுகிற இடங்களில் மற்றவர்கள் தலையாட்டிக் கை காட்டி நேரத்தைப் போக்குவார்கள். இவர் மைக்கை இடுப்புக்கு இறக்கிவிட்டு, விரலால் நோட்டில் அடுத்த கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றார். முதல் சரணம் முடிகிற இடத்தில் வடை தட்டோடு வந்த பையன் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

ஆப் போட்ட மார்க் 68.

மில் பையன் போனைத் தட்டிப் பார்த்தான், உதறிக்கூடப் பார்த்தான். அது ரிப்பேர் இல்லை. சுரத்திலிருந்து சுரத்துக்கு டீச்சர் வழுக்கிப் போன இடத்தையெல்லாம் அது பிசிறு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக மிதிப்பவருக்குத்தான் அதனிடம் மார்க், கைப்பிடியில் சறுக்கி இறங்கியவருக்குப் பெயில். உரக்கடை அண்ணனின் 91 எப்படி வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். நல்ல மனுஷர், கணீரென்ற குரல், ஒவ்வொரு சுரத்தையும் ஆணி அடித்த மாதிரி அடிப்பார்.

பத்து மணிக்கு ஸ்பீக்கர் நின்றாக வேண்டும், 2000-ல் வந்த ஒலி மாசு விதி அது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதுதான், அந்தப் பக்கமும் அதுதான். ஒன்பது ஐம்பத்தைந்துக்கே வயரைச் சுற்றத் தொடங்கிவிட்டார்கள். தேங்காய் வியாபாரி கண்மணியை 27-ஆம் தேதி மறுபடியும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, தாளில் இருபதாவதாகத் தன் பேரை எழுதினார்.

படியிறங்கும்போது உரக்கடை அண்ணன் டீச்சரை நிறுத்தினார்.

"டீச்சர், அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங். ஒரு போட்டோ எடுத்துக்கறனுங்."

"பாட்டு வரி போன்லயே வருமே தம்பி?"

"வரி வருதுங். அந்தச் சேப்புக் கோடு வரமாட்டேங்குதே."

டீச்சர் தெருவிளக்குக்குக் கீழே நோட்டை விரித்துப் பிடித்தார். காற்றில் தாள் படபடத்தது. அண்ணன் ஒரு கையால் ஓரத்தை அழுத்திக்கொண்டு மூன்று முறை எடுத்தார்.

"உங்களுக்கு இந்தக் கோடு ஆகாது பாத்துக்கோங்க. உங்க மூச்சு வேற. நீங்களா பாடிப் பாடித்தான் போட்டுக்கணும்."

"சரிங் டீச்சர்" என்றவர் நாலாவதாக இன்னொன்று எடுத்துக்கொண்டார்.