ஸொஹ்ரா சேகல்: ஓர் உழைக்கும் நடிகையின் எழுபது ஆண்டுகள்

மணிரத்னம் 1998-இல் இந்தியில் இயக்கிய 'தில் சே', 'உயிரே' என்னும் பெயரில் தமிழிலும் வெளிவந்தது. அப்படத்தில் சிறிது நேரமே தோன்றும் முதிய பெண்மணி ஒருவரைத் தமிழகத்தில் கண்டோர் பலர். அவர் யாரென விசாரித்தோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். அவ்வாண்டில் அவருக்கு அகவை எண்பத்தாறு. உதயசங்கரின் நாட்டியக் குழுவில் உலகைச் சுற்றியவர். பிருத்விராஜ் கபூரின் நாடகக் குழுவில் பதினான்கு ஆண்டுகள் ஊதியம் பெற்று உழைத்தவர். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இருபது ஆண்டுக் காலம் வாய்ப்புக்காகக் காத்திருந்தவர். 1912-இல் சஹாரன்பூரில், ராம்பூர் ரொஹில்லா பட்டாணியர் மரபில், ஸாஹிப்ஸாதி ஸொஹ்ரா பேகம் மும்தாஸுல்லாஹ் கானாகப் பிறந்து, 2014-இல் டெல்லியில் நூற்றிரண்டாம் வயதில் காலமான ஸொஹ்ரா சேகல்தாம் அவர்.

முஸ்லிம் பெயருடைய கலைஞர்களைக் குறித்து எழுதும்போது நம் சமுதாய இதழ்களில் பெரும்பாலும் இரண்டு வழக்கங்களே காணப்படுகின்றன. ஒன்று, 'நம்மவர்' என்று பெருமிதம் கொள்வது. மற்றொன்று, நம்மவர் அல்லர் என்று ஒதுக்கிவிடுவது. தாம் மதப்பற்று உடையவர் அல்லர் என்று ஸொஹ்ரா வெளிப்படையாகவே கூறிவந்தார். ஆகவே இரண்டாவது வழக்கம் எளிதாயிற்று. நடிப்பு ஆகுமா ஆகாதா என்னும் மார்க்க விவாதத்தை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குரிய இடமும் அதற்குரிய அறிஞர்களும் வேறு. நம் கவனத்திற்குரியது ஒன்றே. இவ்விரு வழக்கங்களிலும் அந்த மனிதர் செய்த வேலை நம் கண்ணில் படுவதே இல்லை. ஒரு நடிகர் எதைச் செய்து பிழைத்தார், யாரிடம் ஊதியம் பெற்றார், வேலையற்ற காலத்தில் என்ன செய்தார் என்னும் கேள்விகளை நாம் கேட்பதில்லை. ஆங்கில ஏடுகளும் இதில் நம்மைவிட மேம்பட்டவை அல்ல. அவை ஸொஹ்ராவை 'வியப்புக்குரிய மூதாட்டி'யாக்கி, அந்த வியப்போடு நின்றுவிட்டன.

தொடக்க காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம்; பலரும் எழுதிய பகுதி அது. இளமையிலேயே தாயை இழந்த ஸொஹ்ரா, கடுமையான பர்தா ஒழுங்கு நிலவிய லாகூர் குயீன் மேரிக் கல்லூரியில் பயின்றார். பின்னர் தாய்மாமனுடன் மோட்டார் வாகனத்திலேயே ஈரான், சிரியா, பாலஸ்தீனம், எகிப்து வழியாகப் பயணம் செய்து ஐரோப்பா சென்றார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேரி விக்மனின் நடனப் பள்ளியில் மூன்றாண்டுகள் பயின்றார். 1935-இல் உதயசங்கரின் குழுவில் சேர்ந்து ஜப்பான், எகிப்து, ஐரோப்பா, அமெரிக்கா எனச் சுற்றினார். பின்னர் அல்மோராவில் உதயசங்கர் நிறுவிய கலை மையத்தில் ஆசிரியையானார். அங்கே சந்தித்த காமேஷ்வர் சேகலை 1942 ஆகஸ்ட் 14 அன்று மணந்தார். அத்திருமணத்திற்கு ஜவாஹர்லால் நேரு வருவதாக இருந்தது. சில நாட்களுக்கு முன்புதான் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை ஒட்டி அவர் கைதாகியிருந்தார். இந்த ஆகஸ்ட் மாதத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

நாம் விரிவாக நோக்க விரும்புவது அடுத்த பகுதியை. பிருத்விராஜ் கபூர் 1944-இல் தொடங்கிய பிருத்வி தியேட்டர்ஸில் ஸொஹ்ரா 1945-இல் மாதம் நானூறு ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். அவருடைய தங்கை உஸ்ரா அங்கே கதாநாயகி. ஸொஹ்ராவோ நடன அமைப்பாளர். அத்துடன் எப்பாத்திரம் கிடைத்தாலும் ஏற்று நடிப்பவர். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவருக்கு முதற்பாத்திரம், மற்றவருக்குத் துணைப்பாத்திரம். இது அவருக்கு உறுத்தாமல் இருந்திருக்காது. ஆயினும் பதினான்கு ஆண்டுகள் அவர் அக்குழுவை விட்டு விலகவில்லை.

ஏன் விலகவில்லை? மாதச் சம்பளம் என்பது வெறும் பணமன்று. பிருத்வி குழு பதினாறு ஆண்டுகளில் 2,600-க்கும் மேற்பட்ட காட்சிகளை நடத்தியது. நாடெங்கும் ரயிலில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தது. ஒரே வீட்டினுள் சகோதரர்க்கிடையே சுவர் எழும்புவதைக் காட்டி நாட்டுப் பிரிவினையை எச்சரித்த 'தீவார்' 1945-இல் அரங்கேறியது. எல்லைப்புற மாகாணத்தின் இந்து - முஸ்லிம் நட்பைக் கருவாகக் கொண்ட 'பட்டான்' 1947-இல், அதாவது அச்சுவர் உண்மையிலேயே எழும்பிய ஆண்டில், மேடையேறியது. காட்சி முடிந்ததும் பிருத்விராஜ் வாயிலில் துணியை ஏந்தி நின்று நிவாரண நிதி திரட்டுவார். அத்தகைய குழுவில் இன்று ஒரு வசனமே உடைய வேலைக்காரியாக நடிப்பவர் நாளை மற்றொரு நாடகத்தில் குடும்பத் தலைவியாக நடிப்பார். பாத்திரம் சிறிதானாலும் சம்பளம் குறைவதில்லை. ஆகவே சிறிய பாத்திரம் அவமானமாகத் தோன்றுவதில்லை. நூறு முறை ஒரே வசனத்தைச் சொல்லி, நூறு ஊர்களின் செவிகளில் அது எவ்வாறு விழுகிறது என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பை அது தந்தது. ஸொஹ்ராவின் உச்சரிப்புத் தெளிவும், ஒரு சொல்லை உரிய கணம் வரை பிடித்து வைத்துப் பின் விடும் ஆற்றலும் இந்தப் பட்டறையில் தீட்டப்பட்டவை என்பது நம் கருத்து. திரையில் அவரை முதுமையில் கண்டோர் அதை 'இயல்பான குறும்பு' என்றனர்.

இதே காலத்தில் திரைப்படமும் அவரைத் தொட்டுச் சென்றது. குவாஜா அஹ்மத் அப்பாஸின் 'தர்த்தி கே லால்', கான் விழாவில் உயர் பரிசு பெற்ற சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' ஆகிய 1946-ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டிலும் நடித்தார். குரு தத்தின் 'பாஸி'க்கு நடனம் அமைத்தார். ஆனால் பம்பாய்த் திரையுலகில் கதாநாயகியின் தோழிக்கும் தாய்க்கும் இடையில் உள்ள வயதுப் பெண்ணுக்கு இடமில்லை. இன்றும் பெரிதாக மாறிவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

1959-இல் கணவர் காலமானார். அடுத்த ஆண்டு பிருத்வி குழு மூடப்பட்டது. ஸொஹ்ரா டெல்லியில் ஒரு நாடகப் பள்ளியை நடத்திவிட்டு, 1962-இல் உதவித்தொகை ஒன்றைப் பெற்று லண்டன் சென்றார். ஐம்பதாம் வயதில், இரு பிள்ளைகளின் தாய், தொழிலை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார். அங்கே அவர் நடனம் கற்பித்தார். நாடக அரங்கில் பிற நடிகர்களுக்கு உடையணிவிக்கும் வேலையும் செய்தார். மாதச் சம்பளம் போய், அழைப்பு வந்தால்தான் வேலை என்ற நிலை வந்தது. பிரிட்டிஷ் தொலைக்காட்சி அவரைப் பயன்படுத்திய விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1965-இல் பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் சிலுவைப் போர்க் காலக் கதையொன்று இடம்பெற்றது. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியாக அதில் நடித்தவர் பெர்னார்ட் கே என்னும் ஆங்கிலேயர். பட்டாணிய மரபில் பிறந்து, உருது நாவினரான, அந்நிலங்களைத் தம் இளமையிலேயே கண்ணால் கண்டுவந்த ஸொஹ்ராவுக்குக் கிடைத்தது அந்தப்புரப் பணிப்பெண்ணுள் ஒருத்தியின் வேடம். இதற்காக அத்தொடரைத் தனியே குற்றம் சொல்வதில் பொருளில்லை. அந்நாளைய ஒழுங்கே அதுதான். அவ்வொழுங்கினுள் ஒரு நடிகை இருபது ஆண்டுகள் தொழிலை விடாமல் இருந்தார் என்பதே நாம் கருத வேண்டியது. 1976, 1977-ஆம் ஆண்டுகளில் பிரிட்டனின் ஆசியக் குடும்பங்களுக்காக பிபிசி ஒளிபரப்பிய 'படோசி'யில் இருபத்தாறு பகுதிகளைத் தொகுத்தளித்தார். அதைக் கலை என்று எவரும் கொண்டாடியதில்லை. வேலை என்று நாம் அதை மதிக்கிறோம்.

1984-இல் கிரனாடா தொலைக்காட்சி 'த ஜுவல் இன் த கிரவுன்' தொடரை வெளியிட்டது. பால் ஸ்காட்டின் நாவல் வரிசையைத் தழுவிய அத்தொடரில் ஸொஹ்ரா, லேடி சட்டர்ஜியாக நடித்தார். ஆங்கிலேய அதிகாரிகளின் மதிப்பைப் பெற்றும் அவர்களின் மன்றத்தினுள் நுழைய இயலாத இந்திய மேட்டுக்குடிக் கைம்பெண் பாத்திரம் அது. அவருடைய இல்லத்தில் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் டாஃப்னி என்னும் ஆங்கிலப் பெண் தாக்கப்படும் இரவு, கதையின்படி 1942 ஆகஸ்ட் 9. நேரு கைதான அதே நாள். ஸொஹ்ரா மணக்கோலத்தில் காத்திருந்த அதே வாரம். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், தாம் வாழ்ந்து கடந்த அந்த ஆகஸ்டை மற்றொருத்தியின் வாழ்வாக அவர் நடிக்க நேர்ந்தது. இப்பாத்திரத்தில் அவர் கண்ணீருக்கோ உரத்த குரலுக்கோ இடம் தரவில்லை. விருந்தோம்பலின் கண்ணியத்தை விட்டுக்கொடுக்காமல், தாம் அறிந்ததில் பாதியை மட்டும் சொல்லி, மீதியை முகத்திலே நிறுத்துகிறார். அவருடைய திரை நடிப்பில் தலையாயது இதுவே என்பது நம் துணிபு.

இதன் பின்னர் வந்த புகழை நாம் சற்று ஐயத்துடனே நோக்குகிறோம். 'தந்தூரி நைட்ஸ்', 'பாஜி ஆன் த பீச்', 'பெண்ட் இட் லைக் பெக்கம்', இந்தியில் 'ஹம் தில் தே சுகே ஸனம்', 2007-இல் 'சீனி கம்', 'ஸாவரியா' என வேலை குறைவின்றி வந்தது. ஆனால் வந்ததெல்லாம் பெரிதும் ஒரே வேடத்தின் சாயல்கள்: குறும்பு பேசும் பாட்டி. 'சீனி கம்' படத்தில் அமிதாப் பச்சனின் தாயாக அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கும் அரங்கில் சிரிப்பை எழுப்பியது உண்மை. அச்சிரிப்பில் பாதி வசனத்திற்கும் மீதி தொண்ணூற்றைந்து வயதுக்கும் உரியது. லேடி சட்டர்ஜிக்கு மௌனம் அளிக்கப்பட்டது. இப்பாட்டிகளுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் மட்டுமே அளிக்கப்பட்டன. அவருடைய திறமையில் எளிதில் விற்கக்கூடிய பகுதியைத் திரையுலகம் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. 'ஸாவரியா'வில் அறிமுகமான ரன்பீர் கபூர் வரை, பிருத்விராஜ் குடும்பத்தின் நான்கு தலைமுறையினருடன் பணியாற்றியவர் என்று அவரைப் பாராட்டினார்கள். அந்நான்கு தலைமுறையில் ஆண்களுக்கு இளமையும் நடுவயதும் முதுமையும் திரையில் கிடைத்தன. ஸொஹ்ராவுக்கோ முதுமை மட்டுமே கிடைத்தது.

தாமதமாக மலர்ந்தவர் என்னும் இக்கதை வேறு சிலர் மீதும் சுமத்தப்படுவதுண்டு. 2020-இல் மறைந்த இர்ஃபான் கான் தேசிய நாடகப் பள்ளியில் பயின்று வெளிவந்த பின் பல்லாண்டுகள் தொலைக்காட்சியில் உழைத்தார். அலி சர்தார் ஜாஃப்ரியின் 'கஹ்கஷான்' தொடரில் கவிஞர் மக்தூம் முஹ்யித்தீனாக அவர் நடித்ததை உருது அன்பர்கள் இன்றும் நினைவுகூர்வர். 2003-இல் 'மக்பூல்' வந்தபோதுதான் திரை விமர்சகர் பலர் அவரைக் 'கண்டுபிடித்தார்கள்'. அதுவரை அவர் நடித்துக்கொண்டேதான் இருந்தார்.

உஸ்ராவை விட்டுவிட்டு இக்கட்டுரையை முடிக்க இயலாது. பிருத்வியின் கதாநாயகி 1964-இல் பாகிஸ்தான் சென்றார். நெடுங்கால மௌனத்திற்குப் பின் லாகூரின் அஜோகா நாடகக் குழுவில் மீண்டும் மேடையேறினார். 1993-இல் அக்குழுவின் மதீஹா கௌஹர் இயக்கத்தில், ஷாஹித் நதீம் எழுதிய 'ஏக் தீ நானி' நாடகத்தில் சகோதரியர் இருவரும் லாகூர் மேடையில் ஒன்றாகத் தோன்றினர். எல்லைக் கோட்டால் பிரிந்த அக்காள் தங்கையரின் கதை. அவர்களின் வாழ்விலிருந்தே எடுக்கப்பட்டது. 'தீவார்' நாடகத்தின் சுவர் நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்விருவரின் உடலிலேயே நிகழ்ந்துகாட்டியது. இம்முறை கதாநாயகி, துணைநடிகை என்ற வேறுபாடு இல்லை. ஸொஹ்ராவின் முதுமைக்கு எழுதப்பட்ட வேடங்களுள் வயதைக் கேலிப்பொருளாக்காத அரிதான ஒன்று இது. அதை எழுதியது திரைப்படமன்று, பொருள்வளம் குறைந்த ஒரு நாடகக் குழு என்பதும் நோக்கத்தக்கது.

உஸ்ரா 2010-இல் காலமானார். அதே ஆண்டில் ஸொஹ்ராவுக்கு இந்திய அரசு பத்ம விபூஷண் வழங்கியது. அப்போதும் அவர் நாள்தோறும் குரற்பயிற்சி செய்வதையும் உருதுக் கவிதைகளை மனப்பாடமாக ஓதிப் பார்ப்பதையும் விட்டாரில்லை. கையில் எந்தப் பாத்திரமும் இல்லாத நாட்கள் அவை.