பல்கேரிய மொழியின் நிபந்தனைத் தொடர்கள்: ஒரு வகைப்பாட்டுச் சிக்கல்

பல்கேரிய இலக்கண மரபு 'நிபந்தனை வினைநோக்கு' என்னும் பெயரை ஒரே வடிவத்துக்கு வழங்குகிறது. 'பிஹ்' என்னும் துணைவினையும் 'ல்' ஈற்று இறந்தகால எச்சமும் சேர்ந்த 'பிஹ் தொஷல்' (வருவேன், வர விருப்பமே) என்பது அவ்வடிவம். 'ஷ்த்யாஹ் த தொய்த' என்னும் மற்றொரு வடிவமோ, செய்தி வினைநோக்கின் ஒன்பது காலங்களுள் ஒன்றாக, 'இறந்தகாலத்து எதிர்காலம்' என்ற பெயரில் வைக்கப்படுகிறது. இவ்வைப்புமுறை மொழிவழக்கை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழில் 'நேரம் இருந்தால் வருவேன்' என்பது நேரம் கிடைக்கலாம் என்ற நிலைக்கும், நேரம் இல்லையே என்ற நிலைக்கும் பொருந்தும். பல்கேரியம் இவற்றைப் பிரிக்கிறது. முன்னதற்கு 'அக்கோ இமம் வ்ரேமே, ஷ்தே தொய்த'. பின்னதற்கு 'அக்கோ இமஹ் வ்ரேமே, ஷ்த்யாஹ் த தொய்த'. இப்பின்னதே 'நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்' எனவும் பொருள்படும். ஆக, இங்கு 'ஷ்த்யாஹ்' காலத்தை அன்று, நிகழாமையையே உணர்த்துகிறது. காலம் எது என்பதைச் சூழல்தான் தெளிவாக்குகிறது.

நிபந்தனைக் கூறே இல்லாத தொடரில் இது இன்னும் வெளிப்படை. 'ஷ்த்யாஹ் த பத்ன' என்றால் 'விழப் பார்த்தேன்', விழவில்லை. மாறாக, 'நிபந்தனை' என்று பெயர்பெற்ற 'பிஹ்' வடிவம் விருப்பத்தையும் பணிவையும் சுமப்பதே மிகுதி. 'பிஹ் இஸ்கல்' என்பது ஒன்றை வேண்டும்போது கூறும் மரியாதைச் சொல். பெயரை மட்டும் நம்பி, நிகழாத நிபந்தனைக்கெல்லாம் 'பிஹ்' வடிவத்தையே தேடும் மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவார்.

ஸ்பிக்னியெவ் கோவோம்ப் 1964இல் வெளியிட்ட நூலில் தென் ஸ்லாவிய மொழிகளின் இத்தகைய அமைப்பைப் 'பால்கன் வகை நிபந்தனை' என்றே ஆராய்ந்தார். கிரேக்கத்திலும் எதிர்காலக் குறியான 'தா', தொடர் இறந்தகால வினையுடன் சேர்ந்து நிகழாமையைக் குறிக்கும். அண்டை மொழிகளோடு பகிர்ந்த இப்பண்பு காலப் பட்டியலுக்குள் அடங்குவதன்று.

இதற்கு மறுப்பும் உண்டு. 'மறுநாள் புறப்படுவதாக இருந்தார்கள்' என்னும் பொருளில் 'ஷ்த்யாஹ' வரும்போது அது காலத்தைக் குறிப்பது உண்மையே. எனவே அப்பெயரை நீக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தொடரிலும் அவர்கள் புறப்பட்டார்களா என்பதை வினைவடிவம் சொல்வதில்லை. இலக்கண நூல் நிகழாமைப் பொருளை முதலில் விளக்கி, காலப்பொருளை அதன்பின் வைப்பதே பொருந்தும்.